பக் நாயின் குறட்டை: மூச்சை எண்ணினால் போதுமா?

2023 மே 28, காலை

கல்முனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "டீச்சர், என் பக்குக்கு மூன்று வயது. படுத்தால் குறட்டை, கொஞ்சம் நடந்தால் கர் கர் என்று சத்தம். அந்த இனத்துக்கு அது இயல்பு என்று குட்டியை விற்றவர் சொன்னார். நித்திரையில் எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்கு 24 மூச்சு. 30க்குக் கீழே இருந்தால் நல்லதாம். அப்படியென்றால் காற்றுவழியில் தடை இல்லைத்தானே?"

அப்படி முடிவெடுக்காதீர்கள். நித்திரையில் நிமிடத்துக்கு 30க்குக் கீழே என்ற கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் அது முக்கியமாக இதய வருத்தம் உள்ள நாய்களுக்கு நுரையீரலில் நீர் கோக்கிறதா என்று வீட்டிலேயே கண்காணிக்க வைத்தது. நுரையீரல் விறைத்துப்போனால் நாய் குறைவாக இழுத்து, அடிக்கடி இழுக்கும். எண்ணிக்கை ஏறும், நீங்களும் கண்டுபிடிப்பீர்கள்.

மூக்கிலோ தொண்டையிலோ அடைப்பு என்றால் நடப்பது வேறு. ஒடுங்கிய வழியால் வேகமாகக் காற்றை இழுப்பது செலவு கூடிய வேலை. அதனால் உடல் மெதுவாக, ஆழமாக இழுக்கப் பார்க்கும். எந்த வேகத்தில் மூச்சுவிட்டால் வேலை குறையும் என்று ஒட்டிஸ், ஃபென், ரான் மூவரும் 1950இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆகவே உங்கள் 24, அடைப்பு உள்ள நாயிலும் வரலாம், இல்லாத நாயிலும் வரலாம்.

தடை என்பது அமுக்க வித்தியாசத்தைப் பாய்ச்சல் வீதத்தால் வகுத்தது. எண்ணிக்கையில் இந்த இரண்டுமே இல்லை.

மே 28, இரவு

"இயல்பு" என்பது பற்றி மட்டும் ஒன்று. என்னுடைய நாய் செல்லனுக்கும் இதையேதான் சொன்னார்கள். எல்லாப் பக்கும் குறட்டை விடுகிறது என்பதால் குறட்டை சுகத்தின் அடையாளம் ஆகிவிடாது. முகத்தெலும்பைக் குட்டையாக்கி வளர்த்தார்கள். உள்ளே இருக்கும் சதையும் மடிப்பும் அந்த அளவுக்குக் குறையவில்லை. இடம் போதாத சதை காற்றில் அதிர்கிறது. அதுதான் அந்தச் சத்தம்.

மே 31

"பொய்சேயின் சமன்பாட்டை நாய்க்குப் பாவிக்கலாமா டீச்சர்?" என்று என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார். சந்தோஷம். உயர்தரப் பௌதிகவியலில் மயிர்த்துளைக் குழாயால் தண்ணீர் விட்டுப் பிசுக்குமை காண்கிறோமே, அதே சமன்பாடு. தடை ஆரையின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறு. குழாயின் ஆரை பாதியானால் தடை 16 மடங்கு. பக்கின் மூக்குத்துளை வெறும் கீறல்போலத் தெரிவதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் அந்தச் சமன்பாடு அருவிக்கோட்டுப் பாய்ச்சலுக்கு, அதாவது சுழலாமல் அடுக்கடுக்காக ஓடும் பாய்ச்சலுக்கு மட்டும்தான். நாயின் மூக்கும் தொண்டையும் நேர்க்குழாய்கள் இல்லை. அங்கே காற்று சுழல்கிறது, கொந்தளிக்கிறது. கொந்தளிப்பில் தேவையான அமுக்கம் ஏறக்குறைய பாய்ச்சலின் வர்க்கத்தோடு ஏறும். இரண்டு மடங்கு காற்று வேண்டுமென்றால் நான்கு மடங்கு இழுவை. அதனால் நாயின் தடை ஒரே எண்ணாக நிற்காது. படுத்திருக்கும்போது ஒன்று, ஓடிவந்த பிறகு வேறொன்று. யாராவது "இந்த நாயின் தடை இவ்வளவு" என்றால், எந்தப் பாய்ச்சலில் என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல மூக்குள்ள நாயிலேயே, வாய் மூடி மூச்செடுக்கும்போது மொத்தத் தடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு மூக்கில்தான் இருக்கிறது.

ஜூன் 3

சரி, உண்மையில் எப்படி அளப்பது? மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இதை எழுதத்தான் எனக்கும் ஆசை.

இரண்டு விடயம் வேண்டும். முதலாவது பாய்ச்சல். முகத்துக்கு இறுக்கமான முகமூடி போட்டு, அதன் வாயில் ஃபிளைஷ் 1925இல் செய்த வகைக் கருவியைப் பொருத்துவார்கள். உள்ளே மெல்லிய குழாய்க் கட்டு ஒன்று இருக்கும். காற்று அதற்குள் போகும்போது இரு பக்கத்து அமுக்க வித்தியாசத்தைப் பார்த்துப் பாய்ச்சலைச் சொல்வார்கள். குழாய்கள் அவ்வளவு மெல்லிதாக இருப்பது, உள்ளே பாய்ச்சல் அருவிக்கோட்டில் நிற்பதற்காகத்தான். நாயின் மூக்கில் பிழைத்துப்போகும் பொய்சே, அதை அளக்கும் கருவிக்குள் சரியாக வேலை செய்கிறார். இது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இரண்டாவது அமுக்கம். நெஞ்சறைக்குள் நேரே கருவி வைக்க முடியாது. ஆனால் களம், அதாவது உணவுக்குழாய், நெஞ்சறைக்குள்ளால்தானே போகிறது, அதன் சுவரும் மெல்லியது. நீண்ட குழாயின் நுனியில் சின்னப் பலூன் கட்டிக் களத்துக்குள் இறக்கினால், நெஞ்சறையின் அமுக்கம் எப்படி ஏறி இறங்குகிறது என்று தெரியும். விழித்திருக்கும் நாய் இதை லேசில் விடாது. மயக்கினால் தொண்டைத் தசை தளர்ந்து தடையே மாறிவிடும். வாதனாளிக்குள், அதாவது மூச்சுக்குழாய்க்குள், குழாய் விட்டு அளந்தாலோ மூக்கும் தொண்டையும் கணக்கிலேயே வராது. பக்குக்கு நோய் இருப்பதே அங்கேதான்!

இரண்டு பதிவும் கிடைத்தாலும் வேலை முடியவில்லை. நெஞ்சில் நாம் காணும் அமுக்கத்தில் ஒரு பகுதி நுரையீரலை விரிக்கப் போகிறது, இன்னொரு பகுதி காற்றை வழியால் தள்ளப் போகிறது. பிரிக்க ஒரு வழி இருக்கிறது. உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் நுரையீரலின் கனவளவு ஒன்றாக இருக்கும் இரு கணங்களை எடுங்கள். விரிந்த அளவு ஒன்றே, ஆகவே விரிப்பதற்கான பங்கும் ஒன்றே. கழித்தால் அது போய்விடும். எஞ்சுவது தடைக்கான அமுக்கம்.

எடுத்துக்காட்டுக்கு நானே எண் வைக்கிறேன். பாதி மூச்சில், இழுக்கும்போது களத்தில் −7 செ.மீ. நீர், விடும்போது −3. வித்தியாசம் 4. பாய்ச்சல் உள்ளே செக்கனுக்கு 0.25 லீற்றர், வெளியே 0.25, திசை எதிர் என்பதால் வித்தியாசம் 0.5. 4ஐ 0.5ஆல் வகுத்தால் 8. அலகு, செக்கனுக்கு ஒரு லீற்றருக்கு இத்தனை செ.மீ. நீர். மீடும் விட்டன்பெர்கரும் 1953இல் மனிதரில், சாதாரணமாக மூச்சுவிட விட்டே இந்தப் பகுப்பைச் செய்து காட்டினார்கள்.

ஜூன் 3, கொஞ்ச நேரம் கழித்து

மேலே உள்ள 8 நாயின் அளவு இல்லை. கணக்குப் பழக வைத்த எண். யாரும் எடுத்து எழுதிவிடாதீர்கள்.

ஜூன் 7

ஏறாவூரிலிருந்து ஓர் அண்ணா: "கொரோனா நேரம் வாங்கிய ஒட்சிசன் கிளிப் வீட்டில் கிடக்கிறது. நாய்க்கு மாட்டினால் எல்லாம் தெரிந்துவிடுமே."

நகமும் மயிரும் உள்ள விரலில் அது ஒழுங்காக வாசிக்காது. மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு நாக்கில் மாட்டுவார்கள். விழித்திருக்கும் நாயின் நாக்கில் மாட்டிப் பார்க்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வாசித்தாலும் அது வேறு கேள்விக்கான விடை. தடை கூடினால் நாய் கூட இழுக்கிறது. இழுக்கும் பலம் இருக்கும்வரை இரத்தத்தில் ஒட்சிசன் சரியாகவே இருக்கும். 97 என்று பார்த்து நீங்கள் நிம்மதியாகப் படுப்பீர்கள், நாய் அந்த 97க்காக இரவு முழுக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கும். அது விழத் தொடங்குவது கடைசிக் கட்டத்தில்.

ஜூன் 12

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பக், பிரெஞ்ச் புல்டோக், புல்டோக் மூன்றையும் ஒளிபுகும் பெட்டிக்குள் விட்டு அளக்கிறார்கள் என்று ஒரு தங்கை எழுதியிருக்கிறார். ஆம். பலூன் இல்லை, முகமூடி இல்லை, நாய் தன்பாட்டில் நிற்கும், படுக்கும். பெட்டிக்குள் காற்றமுக்கம் மூச்சோடு ஏறி இறங்குவதைப் பதிவார்கள்.

ஏன் ஏறி இறங்குகிறது? உள்ளே போகும் காற்று நாயின் உடலில் சூடாகி, நீராவி ஏறி, கொஞ்சம் பெருக்கிறது. ட்ரோபாவும் ஃபென்னும் 1955இல் குழந்தைகளுக்காகச் சொன்ன முறை இது.

இதை வாசித்ததும் எனக்கு நம் ஊர் ஞாபகம்தான் வந்தது. நாயின் உடல் 38.5 பாகை. அறை 20 பாகை, ஈரப்பதன் 50 வீதம் என்றால், காற்று உள்ளே போய்ப் பெருப்பது 12, 13 வீதம். மட்டக்களப்பில் ஒரு வெக்கை நாளுக்கு 33 பாகை, ஈரப்பதன் 70 வீதம் என்று போட்டுப் பார்த்தேன்: 5 வீதத்தைச் சுற்றி வருகிறது. அலை பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். பெட்டியை இங்கே கொண்டுவந்து வைத்தால் குளிரூட்டிய அறையும் வேண்டும். அறையின் சூடும் ஈரமும் ஒவ்வொரு முறையும் பதியப்பட வேண்டும். இங்கிலாந்தில் எடுத்த அளவோடு இங்கே எடுத்ததை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் முடியாது.

பெட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்த அலையின் வடிவத்திலிருந்து "பென்ஹ்" என்று ஒரு சுட்டி எடுப்பார்கள், 1997இல் எலிகளுக்காக வந்தது. பலர் அதைத் தடை என்றே எழுதிவிட்டார்கள். அது தடை இல்லை. மூச்சின் நேர அமைப்பு மாறினாலும் அது மாறும். பெட்டியில் பாய்ச்சலின் சாயல் இருக்கிறது, இழுவிசை இல்லை. கேம்பிரிட்ஜ் குழு அலையின் வடிவத்தை வைத்து, அடைப்பு எவ்வளவு மோசம் என்று தரப்படுத்துகிறது. அது பயனுள்ள வேலை. இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

ஜூன் 12, இரவு

பெட்டி இல்லாதவர்களுக்கு அதே குழு, நாய் இனங்களைப் பதியும் பிரித்தானியச் சங்கமான கென்னல் கிளப்போடு சேர்ந்து 2019இல் கொண்டுவந்த பரிசோதனை இருக்கிறது. டொக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கழுத்தைக் கேட்பார். நாயை 3 நிமிடம் துள்ளுநடையில் கூட்டிப்போவார்கள். திரும்பவும் கேட்பார். 0 முதல் 3 வரை தரம். நடைக்கு முன் கேட்காத சத்தம் நடைக்குப் பின் கேட்பதுதான் இதில் விடயம். பாய்ச்சல் ஏறும்போது தடையும் ஏறும் என்று மே 31இல் எழுதினேனே, அதைக் காதால் கேட்கிறார்கள். நோய் உள்ள நாயை நீங்களாக ஓட்டிப் பார்க்காதீர்கள். டொக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும், காலைக் குளிரில் செய்ய வேண்டும்.

ஜூன் 20

கச்சான் காற்று பிடித்துவிட்டது. பகலில் விறாந்தையில் இருக்கவே முடியவில்லை, செல்லன் சீமெந்துத் தரையில் வயிற்றைப் பரப்பிக் கிடக்கிறான். வெக்கை பற்றி எழுத இதுதான் நேரம்.

நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது குளிர்வதற்காக. நமக்குப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. ஷ்மிட்-நீல்சனும் கூட்டாளிகளும் 1970இல் காட்டியபடி, இளைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கால் இழுத்து வாயால் விடுகிறது. மூக்குக்குள் ஈரம் ஆவியாகிறது, சூடு வாயால் வெளியே போகிறது. குளிரூட்டும் கருவியே மூக்குத்தான். பக்குக்கு அந்தக் கருவி குட்டை.

இதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது குரோஃபோர்ட் என்பவர் 1962இல் அளந்தது. நாய் இளைக்கும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 320. நாயின் நெஞ்சும் நுரையீரலும் சேர்ந்த தொகுதியின் இயல்பான மீடிறனும் அதேதான், செக்கனுக்கு 5.3 அளவில். அதாவது நாய் பரிவில், தன் நெஞ்சு இயல்பாக அதிரும் வேகத்திலேயே, இளைக்கிறது! பரிவில் மீள்தன்மைக்கான அமுக்கமும் சடத்துவத்துக்கான அமுக்கமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். நெஞ்சை அசைக்கத் தசை கொடுக்கும் செலவு அப்படியே குறைந்துவிடும். நிமிடத்துக்கு 300க்கு மேல் மூச்சு விட்டும் ஊர் நாய் அந்த உழைப்பாலேயே சூடாகிவிடாமல் இருப்பது இதனால்தான்.

இப்போது பக்குக்கு வாருங்கள். பரிவில் இரண்டு பங்கும் வெட்டுப்பட்டால் மிஞ்சுவது என்ன? தடை மட்டும். மற்ற நாய்க்கு அது சிறியது. பக்குக்கு அதுதான் பெரியது. இயற்கை கொடுத்த சிக்கனம் இந்த நாய்க்கு மட்டும் கைகொடுப்பதில்லை. வெக்கையில் இளைக்க இளைக்கத் தசை சூடாகிறது, தொண்டைச் சதை வீங்குகிறது, வழி இன்னும் ஒடுங்குகிறது, இன்னும் பலமாக இழுக்கிறது.

டுபுவாவும் கூட்டாளிகளும் 1956இல் கொண்டுவந்த முறையில், வெளியிலிருந்து காற்றை அதிரவிட்டு அந்த அதிர்வுக்கு வரும் அமுக்கத்தைப் பார்ப்பார்கள். பரிவு மீடிறனில் அது நேரே தடையைச் சொல்லும். கருவி செய்வதை நாய் தன் உடம்பாலேயே செய்கிறது. பரிவு படிப்பிக்கும்போது இசைக்கவையோடு இந்த உதாரணத்தையும் சொல்லத் தொடங்கியிருக்கிறேன்.

ஜூன் 21

கேட்டீர்கள், ஆகவே சுருக்கமாக. வெக்கை அடித்து நாய் தள்ளாடினால், வாயில் நுரை வந்தால், நாக்கு கருஞ்சிவப்பானாலோ நீலமானாலோ, முதலில் குளிர்விப்பு, பிறகு ஓட்டோ. கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ உடம்பெல்லாம் ஊற்றுங்கள், விசிறுங்கள். ஈரத் துணியால் மூடி விடாதீர்கள், அது சூட்டைப் பிடித்து வைக்கும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஜூலை 2

வாழைச்சேனை அக்காவின் பொமேரியன் வாத்து கத்துவதுபோல இருமுகிறது, சங்கிலியை இழுத்தால் கூடுகிறது என்று எழுதியிருக்கிறார். அது வேறு கதையாக இருக்கலாம். சிறிய நாய்களில் வாதனாளியின் குருத்தெலும்பு வளையங்கள் வலுவிழந்து தட்டையாகும். செவ்விளநீரை மெல்லிய உறிஞ்சு குழாயால் பலமாக இழுத்தால் குழாயின் சுவர் ஒட்டிக்கொள்ளுமே, அதேதான்.

எங்கே ஒட்டுகிறது என்பதை மூச்சின் எந்தப் பாதி கஷ்டப்படுகிறது என்பது சொல்லும். கழுத்துப் பகுதி என்றால் உள்ளிழுக்கும்போது ஒடுங்கும். நெஞ்சறைக்குள் என்றால் வெளிவிடும்போது, ஏனென்றால் அப்போது நெஞ்சறையின் அமுக்கம் வெளியிலிருந்து நசுக்குகிறது. ஒரே ஒரு எக்ஸ்ரே தவறான கணத்தில் எடுத்தால் எதையும் காட்டாது. அக்கா, கழுத்துச் சங்கிலியை இன்றைக்கே கழற்றிவிட்டு நெஞ்சுப் பட்டி போடுங்கள். இருமும்போது வீடியோ எடுத்து மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஜூலை 9

மேலே உள்ளதை எழுதியபின் யோசித்தேன். வீட்டில் உருப்படியாக அளக்கக் கூடியது அந்த இரண்டு பாதிதான். போனை மெதுவீடியோவில் வைத்து, நாய் பக்கவாட்டில் படுத்திருக்கும்போது விலாவை எடுங்கள். நெஞ்சு ஏறும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் தனித்தனியே பாருங்கள். மேல்வழியில் அடைப்புள்ள நாய் உள்ளிழுக்க நீண்ட நேரம் எடுக்கும். செல்லனுக்கு இழுக்கும் நேரம் விடும் நேரத்தைவிட நீளமாகவே வந்தது. இழுக்கும்போது நெஞ்சு உள்ளே போய் வயிறு வெளியே தள்ளுகிறதா என்றும் பாருங்கள். அப்படியென்றால் தள்ளிப்போடாதீர்கள்.

தடையின் எண் இதில் வராது. எங்கே தடை, நாளுக்கு நாள் கூடுகிறதா என்பது வரும்.

ஜூலை 10

நேற்றைய குறிப்போடு இதையும் வாசிக்க வேண்டும். சத்தம் குறைந்தால் நல்லது என்று எண்ணாதீர்கள். சத்தம் வரப் பாய்ச்சல் வேண்டும். நாய் களைத்து, இழுப்பு பலவீனமாகி, காற்றே போகாவிட்டாலும் சத்தம் அடங்கும். விலா பாடுபடுகிறது, சத்தம் இல்லை என்றால் அது மிக மோசமான நிலை.

ஜூலை 16

மக்லெமும் மீடும் 1967இல் நாயின் நுரையீரலுக்குள் நுண்குழாய் செலுத்தி, மிகச் சிறிய கிளைகளில் தடை எவ்வளவு குறைவு என்று கண்டார்கள். மனிதரின் புகைப்பிடிப்பு வருத்தங்கள் ஏன் தொடக்கத்தில் ஒளிந்துகொள்கின்றன என்று அதிலிருந்துதான் புரிந்தது. முட்டு வருத்தம் உள்ள நம் பிள்ளைகளுக்கு இன்றைக்கு ஊதிப் பார்க்கும் பரிசோதனைகளுக்குப் பின்னால், ஆய்வுகூடங்களில் உயிர்விட்ட எத்தனையோ நாய்கள் இருக்கின்றன. நாய்க்கு அதே அறிவைத் திருப்பிக் கொடுப்பது கருணை இல்லை, கடன்.

ஜூலை 30

கல்முனைத் தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். மிருக வைத்தியர் பார்த்தாராம்: இரண்டு மூக்குத்துளையும் மிக ஒடுக்கம், எடையும் கூட. அண்ணம் நீண்டிருக்கிறதா என்பதை மயக்கித்தான் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். சரியாகச் சொல்லியிருக்கிறார். அண்ணத்தின் மென்பகுதி குரல்வளை மூடியைத் தாண்டித் தொங்கினால் ஒவ்வொரு இழுப்புக்கும் அது வழியை அடைக்கும்.

சத்திரசிகிச்சை பற்றிக் கேட்கிறீர்கள் தம்பி. மூக்கு மடலில் ஆப்பு வடிவில் சின்னத் துண்டு எடுத்துத் துளையை விரிப்பார்கள். அண்ணம் நீளமென்றால் அதையும் குறைப்பார்கள். ஆபத்தான நேரம் நாய் மயக்கம் தெளியும் நேரம். வாதனாளிக் குழாயை முடிந்தவரை பிந்தியே எடுக்க வேண்டும், ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். இரவில் ஆள் இருப்பார்களா என்று முதலே கேளுங்கள். பேராதனை மிருக வைத்திய பீடத்துக்குப் போவதென்றால் மகாஓயா, மகியங்கனை வழியே விடியப் புறப்பட்டு, வெயிலுக்கு முன் மலை ஏறிவிடுங்கள்.

செல்லனுக்கு மூக்கு மட்டும் விரித்தோம். குறட்டை இன்னும் இருக்கிறது, மெதுவீடியோவில் இழுக்கும் நேரம் குறைந்திருக்கிறது. அண்ணத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்றார் டொக்டர்.

எடையை இன்றிலிருந்தே குறையுங்கள். சிகிச்சை எப்போது நடந்தாலும் அது உதவும். பிஸ்கட் நிற்கட்டும், சோற்றை அளந்து போடுங்கள். கழுத்துக்குக் கீழே சேர்ந்த கொழுப்பும் வழியை ஒடுக்குகிறது.

ஜூலை 31

அக்கரைப்பற்று வாசகருக்கு: பிரெஞ்ச் புல்டோக் குட்டி வாங்குவதென்று முடிவெடுத்துவிட்டீர்களானால், குட்டியைப் பார்க்கும் முன் தாயையும் தகப்பனையும் பாருங்கள். மூக்குத்துளை திறந்திருக்கிறதா? கொஞ்சத் தூரம் நடக்கவிட்டுத் திரும்பி வந்ததும் காது கொடுங்கள். விற்பவர் நடக்கவிட மறுத்தால் வாங்காதீர்கள்.